லினக்ஸ் கர்னலில் பௌன்ஸ் பஃபருக்கு விடை

2025 ஜூலையில் வெளியான லினக்ஸ் கர்னல் 6.16-இல் ஒரு கோப்பு இல்லை. பெயர் பௌன்ஸ்.சி. டிஸ்க்குக்குப் போய்வரும் தரவைக் கையாளும் ‘பிளாக் லேயர்’ பகுதியில் இருந்தது. அது போனதைக் கணினி பயன்படுத்துவோரில் அநேகமாக யாருமே உணர்ந்திருக்க மாட்டார்கள்.

அது எதற்காக இருந்தது?

டிஸ்க் கன்ட்ரோலர்கள் பிராசஸரின் தயவில்லாமல் நேரடியாக மெமரியில் படித்து எழுதும். இதற்குப் பெயர் டிஎம்ஏ. பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு முகவரிக் கம்பிகள் 24 தான்; ஆகவே 16 எம்பிக்கு மேல் அவற்றுக்கு எட்டாது. 32 பிட் கர்னலுக்கு வேறொரு சிக்கல். இன்டெல் வகைக் கணினிகளின் வழக்கமான அமைப்பில், சுமார் 896 எம்பி வரைதான் அதற்கு எப்போதும் கைக்கெட்டும். அதற்கு மேலுள்ளது ‘ஹைமெம்’. டிஎம்ஏ இல்லாமல் பிராசஸரைக் கொண்டே தரவை நகர்த்தும் டிரைவர்கள் அங்கே திணறின.

லாரி நுழையாத தெருவுக்கு முனையிலேயே சரக்கை இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்றுவார்களே, அந்த வேலையைத்தான் பௌன்ஸ் பஃபர் செய்தது. எட்டும் இடத்தில் ஒரு தற்காலிகப் பக்கத்தை எடுத்து, தரவை அதில் நகலெடுத்துக் கொடுத்தது. மெமரி தீர்ந்துபோன நேரத்திலும் வேலை நின்றுவிடக் கூடாது என்று 64 பக்கங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தன. பக்கத்துக்கு 4 கேபி வீதம் 256 கேபி.

64 பிட் கணினிகளில் ஹைமெம் கிடையாது. ஆனாலும் மூல நிரலில் ஒவ்வொரு டிஸ்க் கோரிக்கையின் பாதையிலும் இதற்கான அழைப்பு இருந்தது. பிளாக் லேயரைத் திருத்துபவர்கள் இதையும் மனதில் வைத்தே திருத்த வேண்டியிருந்தது.

எடுத்த எடுப்பில் அழித்துவிட முடியாது. இதை நம்பியிருந்த டிரைவர்களுக்கு முதலில் வழி சொல்ல வேண்டும். கர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2021-இல், 5.13 பதிப்பில், ஐஎஸ்ஏ பாதியை நீக்கினார். அடாப்டெக் 1542 கார்டின் டிரைவர் தனக்கென்று சொந்த பஃபர் வைத்துக்கொண்டது. பஸ்லாஜிக், அட்வான்சிஸ் டிரைவர்கள் ஐஎஸ்ஏ கார்டுகளைக் கைவிட்டன. மிச்சம் 2025-இல் போனது. பேரலல் போர்ட்டில் செருகும் ஐயோமெகா ஜிப் டிரைவுகளின் டிரைவர்கள் இனி ஹைமெம் உள்ள கர்னலில் சேராது.

நகலெடுக்கும் உத்தி முற்றாக ஒழியவில்லை. எட்டாத முகவரிகளுக்காக டிஎம்ஏ அடுக்கில் ‘எஸ்டபிள்யூ-ஐஓடிஎல்பி’ அதே வேலையைச் செய்கிறது; பொதுவான அந்த இடத்தில் ஒருமுறை இருந்தால் போதும்.

பழைய 32 பிட் கணினியில் ஜிப் வட்டுகளிலிருந்து கோப்புகளை மீட்க நினைப்பவர்கள், 6.16-க்கு முந்தைய கர்னலையோ ஹைமெம் இல்லாத கர்னலையோ கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.