வாயும் வயிறும் பார்த்து வாங்குவோம்

அண்மையில் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். அங்கே ஒரு வீட்டின் மூலையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் இருந்தது, கூரான கற்கள் இருந்தன, மீன் மட்டும் இல்லை. அந்த வீட்டுச் சிறுவன் உண்டியலில் சேர்த்த காசில் வாங்கிய இரண்டு கெளுத்தி மீன்களும் மூன்று கிழமைக்குள் இறந்துவிட்டனவாம்.

"அது தொட்டி துப்புரவாக்கிற மீனாம். சாப்பாடு போடத் தேவையில்லை எண்டு கடையில சொன்னவை" என்றான் அவன்.

ஊரில் மாட்டுப்பட்டி வைத்திருந்த தகப்பனார் தலையை ஆட்டினார். "மாடு பிடிக்கப் போனா வாயைத் திறந்து பல்லைப் பாப்பன், வயித்தைத் தடவிப் பாப்பன். இது மீன்தானே எண்டு ஒண்டும் பாக்காமல் காசைக் குடுத்திட்டன் ஐயா."

அவர் சொன்னதிலேயே பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கால்நடையைத் தெரிவு செய்யும் கண் நம் எல்லோரிடமும் உண்டு. அதே கண்ணால் இந்த மீனையும் பார்த்தால், சிறுகச் சேர்த்த பணமும் வீணாகாது, பிள்ளையின் மனமும் நோகாது.

இது என்ன மீன்?

அந்தச் சிறுவன் வாங்கியது கொரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி. தென்னமெரிக்காவின் ஆறுகளும் ஓடைகளுமே இதன் தாயகம். கிரேக்க மொழியில் தலைக்கவசம், தோல் என்னும் பொருளுடைய இரு சொற்கள் சேர்ந்தே இப்பெயர் உண்டானது. செதிலுக்குப் பதிலாக உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் இருப்பதைக் காணலாம். 'புள்ளிக் கொரிடோராஸ்' என்ற இனத்தை 1830களில் தமது கடற்பயணத்தின்போது சேகரித்தவர் சாள்ஸ் டார்வின். 1878ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் அதைத் தொட்டியில் இனம்பெருக்கிவிட்டார்கள்.

புள்ளிக் கொரிடோராஸ் குளிர்ந்த நீரை விரும்புவது. எனவே மலைநாட்டுக்கு அது பொருந்தும். வன்னி, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமான இடங்களில் இருப்போர் 'வெண்கலக் கொரிடோராஸ்' இனத்தைத் தெரிவு செய்வது நல்லது. அது ஏறக்குறைய 6 முதல் 7 சென்ரிமீற்றர் வரை வளரும். நன்றாகப் பராமரித்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் வாயைப் பாருங்கள். வாயோரத்து மீசைகள் முழுமையாக இருக்க வேண்டும். மண்ணைக் கிளறி இரை தேடுவதற்கு அவையே இதற்குக் கை. மீசை தேய்ந்த மீன் அழுக்கான அடித்தளத்தில் இருந்த மீன் என்று கொள்ளலாம்.

அடுத்து வயிறு. வயிறு உட்குழிந்திருந்தால் அது பட்டினி கிடந்த மீன். அதை வாங்க வேண்டாம். கண் தெளிவாகவும் செட்டைகள் கிழியாமலும் இருக்க வேண்டும். இடையிடையே ஒரு மீன் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கினால் பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஒட்சிசனைக் குடல் வழியாக உறிஞ்சுவது இதன் இயல்பு. எல்லா மீன்களும் ஓயாமல் மேலே வந்துகொண்டிருந்தால் அத்தொட்டியின் நீர் கெட்டிருக்கிறது என்று பொருள்.

இது கூட்டமாக வாழும் மீன். ஒன்று இரண்டாக வாங்கினால் ஒளிந்தே கிடக்கும். ஒரே இனத்தில் ஆறு மீன்களாவது வேண்டும். ஆறு வாங்கப் பணம் போதாவிட்டால், சேரும்வரை பொறுத்திருப்பதே மேல்.

தொட்டியும் மண்ணும்

ஆறு மீன்களுக்கு இரண்டு அடி நீளமும் ஒரு அடி அகலமும் ஒரு அடி உயரமும் உள்ள தொட்டி போதும். அது ஏறக்குறைய 55 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் பாரமே 55 கிலோ என்பதால் ஆடாத மேசையில் வையுங்கள். தகரக் கூரையின் கீழ் வாழ்வோர், நண்பகல் வெக்கை குறைந்த மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் 22 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது இம்மீனுக்கு ஏற்றது.

அடியில் கூரான கல் வேண்டாம். நுண்ணிய ஆற்றுமணலைக் கலங்கல் போகும்வரை கழுவி, இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினால் போதும். சிப்பி கலந்த கடல்மணல் நீரைக் கடினமாக்கும், அதைத் தவிர்க்கவும். பஞ்சு வடிகட்டி ஒன்றும் சிறிய காற்றுப் பம்பியும் இருந்தால் நல்லது.

நீரே உயிர்

உவர்க் கிணற்று நீர் இந்த மீனுக்கு ஆகாது. நன்னீர்க் கிணற்று நீரைப் பாவியுங்கள். குளோரீன் கலந்த குழாய் நீரானால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றுங்கள். மீனுக்கு நோய் வந்தால் உப்பை அள்ளிப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. உப்பை இந்த மீன் தாங்காது.

புதுத் தொட்டியில் அன்றே மீனை விடுவதுதான் பலர் செய்யும் தவறு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சு. அதை மாற்றிவிடும் பக்ரீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். நோயற்ற பழைய தொட்டியொன்றின் பஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வைத்தால் அக்காலம் குறையும். அதன்பின் கிழமைக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி வாருங்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய் நீரில் கழுவினால் நல்ல பக்ரீரியாக்கள் இறந்துவிடும்.

மீனைக் கொண்டு வந்ததும் பொலித்தீன் பையைக் கால் மணித்தியாலம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்த பின் மீனை மட்டும் விடுங்கள். இதன் செட்டை முள் வலையில் சிக்கும், கையிலும் குத்தும். கோப்பையால் அள்ளுவது நன்று.

இது கூலியில்லாத் துப்புரவாளன் அல்ல

கொரிடோராஸ் பாசியையோ எச்சத்தையோ தின்று வாழும் மீன் அல்ல. மற்ற மீன்கள் விட்ட மிச்சத்தை மட்டும் நம்பியிருந்தால் மெல்ல மெல்ல மெலிந்து சாகும். அடியில் தாழும் உணவை மாலையில், சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுங்கள். மருந்தடிக்காத மண்ணிலிருந்து எடுத்த மண்புழுவைக் கழுவி, பொடியாக நறுக்கிக் கிழமைக்கு ஓரிரு தடவை கொடுக்கலாம்.

மழையோடு முட்டை

தாயகத்தில் மழை பெய்து நீர் குளிரும்போது இவை முட்டையிடும். நன்றாகத் தின்ற மீன்களுக்குச் சற்றுக் குளிர்ந்த நீரைக் கூடுதலாக மாற்றினால் தொட்டியிலும் முட்டையிடலாம். பருத்த உடலுடையது பெண். அது முட்டைகளை வயிற்றுச் செட்டைகளுக்கிடையே ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டும். பெரிய மீன்கள் அவற்றைத் தின்றுவிடுமாதலால், முட்டைகளை மெதுவாக எடுத்து வேறு பாத்திரத்தில் அதே நீரில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சு பொரிக்கும். விற்கும் எண்ணம் இருந்தால், வாங்குபவரை முதலில் தேடிக்கொண்டு பின்னர் பெருக்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வளர்க்க முடியாமற் போனால் மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அலங்கார மீனாக வந்த கத்தி மீன் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் பரவி, நம் சொந்த மீன்களைத் தின்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ அயலவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

மாதங்கள் கழித்து அந்த வீட்டுக்கு மீண்டும் போனோம். கூரான கல் போய் மணல் வந்திருந்தது. ஆறு வெண்கல மீன்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. தகப்பனார் கடையில் அரை மணித்தியாலம் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடித்தாராம்.

"பொழுதுபட முந்தி தீன் போட வேணும்" என்று சிறுவன் மண்புழுவோடு வந்தான்.

"பட்டி சின்னன்தான், ஆனா முறை ஒண்டுதான்" என்றார் தகப்பனார்.