மெதுவாக ஓடப் பணிக்கப்பட்ட கடிகாரம்

நடுக்கடலில் செல்லும் மாலுமி, தன் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று அறிவதற்கு, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் ஒரு கடிகாரத்தையே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. கைப்பேசியைப் பார்த்து வழி தெரிந்துகொள்ளும் நாமும் இன்று அதே உபாயத்தைத்தான் கைக்கொள்கிறோம். ஆனால் நம்முடைய கடிகாரங்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஜி.பி.எஸ். துணைக்கோள்களுக்குள் அமர்ந்து பூமியைப் பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கின்றன.

இதற்கெல்லாம் பிசகாத கடிகாரம் வேண்டும். ஆனால் ஊசல் வெயிலில் நீளும். பூமியின் சுழற்சியேகூட முற்றிலும் சீரானதன்று. சீசியம் அணுவோ எந்தத் தேசத்திலும் எந்தப் பருவத்திலும் தன் கதியை மாற்றிக்கொள்வதில்லை. 1955-இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் இந்த அணுவைக்கொண்டு கடிகாரம் அமைத்தார்கள். 1967-இல், சீசியம் கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளுக்கு ஆகும் காலமே ஒரு விநாடி என்று நிர்ணயமாயிற்று.

துணைக்கோள் அனுப்பும் ரேடியோ அலை, தான் புறப்பட்ட நேரத்தைச் சுமந்து வருகிறது. அது வந்து சேர எடுத்த நேரமே தூரத்தைச் சொல்லிவிடும். இடத்தை அறிய மூன்று துணைக்கோள்களும், நம் கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைக் கண்டு நீக்க நான்காவது ஒன்றும் வேண்டும். ஒரு மைக்ரோ விநாடி தவறினால் தூரம் 300 மீட்டர் தவறிப்போகும்.

இங்கேதான் ஐன்ஸ்டைன் வருகிறார். அவருடைய சார்பியல் சித்தாந்தத்தின்படி, வேகமாகச் செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதால் துணைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது. பூமியின் ஆகர்ஷணம் குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. ஆக, நிகரமாக 38 மைக்ரோ விநாடி முந்தும். இதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் தூரக்கணக்கில் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும்.

1977-இல் என்.டி.எஸ்.-2 என்னும் துணைக்கோளை ஏவியபோது, கடிகாரம் இப்படி முந்தும் என்பதை முழுமனத்தோடு நம்பாதவர்களும் ஜி.பி.எஸ். முயற்சியில் இருந்தார்கள். ஆதலால் திருத்தும் சாதனத்தைத் துணைக்கோளிலேயே வைத்து, அதை இயக்காமல், ஏறக்குறைய 20 நாட்கள் சீசியம் கடிகாரத்தை அதன் போக்கில் விட்டுப் பார்த்தார்கள். லட்சம் கோடியில் 446.5 பங்கு முந்த வேண்டும் என்றது சித்தாந்தம், 442.5 பங்கு முந்தியது கடிகாரம். யாதொரு பிரயோஜனமும் கருதாமல், உண்மையை அறியும் தாகம் ஒன்றினாலேயே காகிதத்தில் பிறந்த ஒரு சிந்தனைக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததாக நான் கருதவில்லை.

அதன்பின் திருத்தம் இயக்கப்பட்டது. இன்று ஜி.பி.எஸ். கடிகாரங்களின் அதிர்வெண், விண்ணுக்குச் சென்றபின் 10.23 மெகாஹெர்ட்ஸாகத் தென்படும்பொருட்டு, தரையிலேயே 10.22999999543 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து அமைக்கப்படுகிறது.