முழுமை என்கிற தள்ளிப்போடல்

காட்டுப்பாக்கத்தில் ஒரு தோழரிடம் ஐந்து நோட்டுகள் இருக்கின்றன. கழனி, மதகு, கலங்கல், கவலை, நீர்க்கட்டி என்று பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்து விவசாயச் சொற்கள். கழனியெல்லாம் மனைகளாகி, டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களும் எழும்பிவிட்டன. அவர் இன்னும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அச்சுக்குக் கேட்டால், "இன்னும் முழுசாகல தோழர், அரைகுறையா வந்தா அசிங்கம்" என்பார். இந்த 'முழுசு'தான் இங்கே பிரச்சினை.

அகராதி என்கிற வடிவமே முழுமைக்கு உரிமை கோருவது. ஆனால் பேசப்படுகிற மொழி முடிவதில்லை. 'அ'வில் தொடங்கி 'வ'வுக்கு வருவதற்குள் 'அ'வில் புதிதாகச் சொற்கள் முளைத்துவிடும். உழைக்க உழைக்க, விடுபட்டவைதான் கண்ணில் படும். ஆக ஏமாற்றம் தொகுப்பவரின் சோம்பலில் இல்லை, இலக்கை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேலை 1913இல் தொடங்கியது. ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தன. முடித்த கையோடு அனுபந்தம் தேவைப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட இந்த லெக்சிகனைத் தேவநேயப் பாவாணர் ஏற்கவில்லை. வடமொழிச் சார்பு, பிழையான வேர்கள், விடுபட்ட உலக வழக்குச் சொற்கள் என்று தனி நூலே எழுதிக் கண்டித்தார். வழக்குச் சொற்கள் விஷயத்தில் நானும் பாவாணர் கட்சிதான். ஆனால் அடுத்தவர் மேல் வைத்த அளவுகோல் தன் பக்கமும் திரும்புமே. 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரை இயக்குநராக்கியபோது வயது 72. ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் காட்டியாக வேண்டும், அதுவும் தூய தமிழ் வேர். 1981 ஜனவரியில் அவர் இறந்தபோது ஒரு பகுதிகூட வெளிவந்திருக்கவில்லை. முதல் பகுதி 1985இல் வந்தது; 31 பகுதிகளும் வந்து முடிய 2011 ஆயிற்று. அரசு வேலையின் மந்தத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்தான். என்றாலும் அந்த மனிதர் தன் வாழ்நாள் வேலையை அச்சில் பார்க்கவில்லை. அது உறுத்துகிறது.

(சரியான நிலைப்பாடு வகுபடும்வரை துண்டறிக்கைகூடப் போடாத குழுக்களை நமக்குத் தெரியும். அது தனிக் கதை.)

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். மொழியியல் படித்தவரல்ல, விவசாயி. கையில் கிடைத்ததைப் போட்டார். அது அகராதியே அல்ல என்று சொல்ல இலக்கணம் படித்தவர்களுக்கு நிறையவே இடமிருந்தது. ஆனால் 'இவ்வளவுதானா, எங்க ஊர்ல வேற மாதிரியில்ல சொல்லுவோம்' என்று வாசகனைப் பேசவைத்தது அந்தக் குறைதான். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது, கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இல். இவையும் முழுமையல்ல. யாரும் அதற்காக வெட்கப்படவுமில்லை.

போன மாதம் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். கவலை இறைப்பது பற்றிய பக்கத்தில், இரண்டாவது கயிற்றுக்கு எதிரே ஒரு வரி காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பெரியவங்க ரெண்டு பேரு சொன்னாங்க. எது சரின்னு தெரியல. அதான் எதையும் எழுதல."

அந்த இரண்டு பேரும் இப்போது இல்லை. அவர்கள் சொன்னது என்னவென்று தோழருக்கும் ஞாபகமில்லை.