நாட்கூலிக்காரரின் ரூபாய்

புனே நகரத்துக் கோகலே அரசியல் பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும், ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி ஆகாரம் கிடைக்க என்ன செலவாகும் என்று ஆராய்ந்து, 1960-61 விலைவாசிப்படி கிராமவாசிக்கு மாதம் ஏறத்தாழ 15 ரூபாயும் நகரவாசிக்கு 22½ ரூபாயும் வேண்டும் என்றும், கிராமங்களில் நூற்றுக்கு நாற்பது பேரும் நகரங்களில் பாதிப்பேரும் அதற்கும் கீழே ஜீவிக்கிறார்கள் என்றும் 1971-இல் எழுதினார்கள்.

அத்தகைய ஏழையின் ரூபாய் இன்று செலவாகும் விதத்தைப் பார்க்க, அந்தி சாய்ந்தபின் புனேயின் எரவாடாப் பக்கத்துச் சந்துக் கடையொன்றில் சற்று நின்றால் போதும். அன்றையக் கூலியைப் புடவை முந்தியில் முடிந்து வந்த ஒரு பெண், கால் கிலோ அரிசியும், ஒரு பொட்டலம் துவரம்பருப்பும், பழைய மருந்துப் புட்டியில் சிறிது எண்ணெயும், மாலையாகத் தொங்கும் ஷாம்பூச் சரத்திலிருந்து கிழித்த ஒரே பாக்கெட்டும் வாங்கிக்கொள்ள, மீதிச் சில்லறையைக் கடைக்காரர் ‘உதாரி’ என்னும் கடன் நோட்டில் பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்கிறார்.

வருமானம் தினந்தோறும் துளித்துளியாக வருவதால் கொள்முதலும் அப்படியே நடக்கிறது. மூட்டையாக வாங்குவோருக்குக் கிடைக்கும் மலிவு விலை இவளுக்குக் கிட்டுவதில்லை. விசேஷம் என்னவென்றால், ஷாம்பூவில் மட்டும் பெரும்பாலும் பாக்கெட்டே புட்டியைவிடச் சகாயம். இந்தச் சூட்சுமத்தைக் கண்டு வியாபாரம் செய்த முன்னோடிகளில் ஒருவர் நம் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன். ஏழைகளின் கூட்டுச் செலவு ஒரு பிரம்மாண்டமான சந்தை என்று 2004-இல் நூல் எழுதி உலக நிறுவனங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத்.

பொட்டலம் சிறுத்தால் வாங்குவது சுலபமாகிறது என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் வாங்கும் சக்தி அதனால் பெருகிவிடுகிறதா? 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகரவாசியின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் உணவுக்கே ஏறத்தாழ 40 சதவீதம் போகிறது. வருமானம் குறையக் குறைய அந்தப் பங்கு ஏறும். ஆகவே சோற்றின் விலையைக் குறைப்பதும் கூலியை உயர்த்துவதற்குச் சமானமே. பாபா ஆடாவ் வழிநடத்திய புனே ஹமால் பஞ்சாயத்து, சுமைதூக்கிகளுக்காக 1974-இல் ‘கஷ்டாச்சி பாகர்’ (உழைப்பின் ரொட்டி) என்ற லாபநோக்கற்ற உணவுக்கூடத்தைத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். அங்கே பாக்ரி ரொட்டியும் காய்கறியும் உண்டு எழும் ஹமாலுக்கு, மிச்சப்பட்ட சில ரூபாய் அன்று மடியிலேயே தங்கும்.