ஹெமிங்வேயின் நாவலொன்றும் அதன் மாந்தரும்

ஏர்ணஸ்ற் ஹெமிங்வே 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சூரியனும் உதிக்கின்றது' என்னும் நாவல், முதலாம் உலகப் போரின்பின் பாரிஸ் நகரில் வாழ்ந்த அமெரிக்கர், ஆங்கிலேயர் சிலரின் கதையாகும். குடியும் களியாட்டுமே வாழ்வாகக் கொண்ட இவர்களை நெறியற்றோர் என்பாரும் உளர். அக்கூற்று முற்றும் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

கதையைத் தன் கூற்றாகக் கூறும் ஜேக் பாண்ஸ் இத்தாலியப் போர்முனையிற் பட்ட காயத்தால் இல்லற இன்பத்தை இழந்தவன். போர்க்காலத்தில் தாதியாகப் பணிபுரிந்த பிறெற், தான் காதலித்தவனை அக்காலத்திலேயே நோய்க்குப் பறிகொடுத்தவள். இவ்விருவரும் ஒருவரையொருவர் நேசித்தும் கூடிவாழ இயலாதவர். போர்முனையைக் காணாத றொபேட் கோனோ நூல்களிற் படித்த காதலை மெய்யென நம்பிப் பிறெற்றைத் தொடர்ந்து, ஏனையோரின் ஏளனத்துக்கு ஆளாகின்றான்.

ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனா விழாவிலே, 19 வயதினனான எருதுப்போர் வீரன் றொமேறோவைப் பிறெற்றுடன் சேர்த்துவைப்பவன் ஜேக்கே. அதனால், அக்கலையின் தூய்மையைப் போற்றும் விடுதி உரிமையாளர் மொந்தோயாவின் நன்மதிப்பை அவன் இழக்கின்றான். பின்னர் பிறெற், அவ்விளைஞனின் வாழ்வைக் கெடுத்தல் தகாதெனத் துணிந்து, தானே அவனை அனுப்பிவிடுகின்றாள்.

ஜேக்கின் இழப்பும் பிறெற்றின் துறப்பும் ஒன்றை உணர்த்துகின்றன. பழைய நம்பிக்கைகள் சிதைந்தபின்னும் நன்று தீது என்னும் உணர்வு இவர்பால் அழிந்திலது. வீழ்ந்தோரிடத்தும் எஞ்சிநின்ற அறத்தைக் காட்டுதலே இந்நாவலின் சிறப்பென்க.