செசபீக்கில் ஆளி ஏன் அழியவில்லை?

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பூர்வகுடிகள் 3,000 ஆண்டுகளாக ஆளி என்னும் சிப்பியை எடுத்துத் தின்றும் அதன் அளவு சிறுத்துப்போகவில்லை. கரையில் அவர்கள் கொட்டிய ஓட்டுமேடுகளே இதற்குச் சாட்சி. வெவ்வேறு காலத்து ஓடுகளை அளந்து, 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. அளவுமீறி அள்ளியிருந்தால் பெரிய ஆளிகள்தான் முதலில் தீர்ந்திருக்கும். ஆட்கள் குறைவு, அதனால்தான் தப்பியது என்று சொல்லலாம்; அதிலும் உண்மை உண்டு. ஆனால் எங்கே, எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். கரையோர ஆளித் திட்டுகளில் கையால் எடுத்ததால், ஆழத்துத் திட்டுகள் பெரும்பாலும் தப்பின. அங்கிருந்து மிதந்துவரும் இளங்குஞ்சுகள் கரையோரத்தை மீண்டும் நிரப்பியிருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் இரும்புப் பற்கள் கொண்ட வாரிகள் அந்த ஆழத்தையும் சுரண்டின. குஞ்சு ஒட்டிக்கொள்ளப் பழைய ஓடு வேண்டும். ஆளியோடு ஓடும் போனதால் திட்டே சரிந்தது. இன்று விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தில் ஓட்டைச் சேகரித்து மறுபடி நீரில் போடுகிறார்கள். அதோடு சில திட்டுகளைத் தொடாமலும் விட வேண்டும் என்பதே ஓட்டுமேடுகள் தரும் பாடம்.