நாடா கட்டிய தோல் கால்பந்து, 1950-களின் வகை

தோல் உறைக்குள் ரப்பர் பிளாடர். காற்றடித்த பின் அதன் வாயை உள்ளே மடக்கி, உறையைத் தோல் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். நாடா பக்கம் தலையில் பட்டால் நெற்றி சிராய்த்துவிடும். மழையில் தோல் நீர் குடித்துக் கனக்கும். கரிசல் மண்ணும் ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

இத்தகைய பந்தோடு ஆடிய அந்தக் காலத்தில், 1947-இல், இந்தியக் கால்பந்தில் 2-3-5 வியூகமே வழக்கம். தடுக்க இரண்டு ஃபுல் பேக், நடுவில் மூன்று ஹாஃப் பேக், முன்னே ஐந்து ஃபார்வர்டு. சுமை முழுவதும் சென்டர் ஹாஃப் தலையில்: பந்தைப் பறிப்பதும் அவர், தாக்குதலைத் தொடங்கிவைப்பதும் அவர்.

அப்போது பலரும் வெறுங்காலில்தான் ஆடினார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்ற பிறகு பூட்ஸ் கட்டாயமானது. பின்வரிசையில் ஆள் கூட்டும் வியூகங்களும் வந்தன. பயிற்சியாளர் ரஹீமின் இந்திய அணி 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது.